தேயிலைப் பெட்டியில் ஓர் ஆமை

வாய்க்கால் கரையில் என்னோடு சட்டை இல்லாமல் திரிந்தவர்களில் இப்போது எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறீர்களோ தெரியாது. மிஞ்சியிருப்பவர்களுக்கும் என் முகம் ஞாபகம் வருமோ என்பது சந்தேகம்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் உயர்த்திவிட்டுக் குனிந்துகொள்கிற பிள்ளை நான். ஆனால் எங்கள் வீட்டு ஆமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மூன்று பேர் நான்கு பேராக வந்து எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தீர்கள். அதற்கு முன்பும் என்னைத் தேடி யாரும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

அந்த ஆமை எங்கே என்று நீங்கள் கேட்டபோது, "ஓடிப்போச்சுது" என்று சொன்னேன். "ஆமை ஓடினதாமடா" என்று நீங்கள் சிரித்தீர்கள். அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. உங்களுக்கு முடிந்துவிட்டது.

உருத்திரபுரம் குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த காணியில் வயல் நிலம் அப்போதே சீராகிவிட்டது. மேட்டுக்காணியில் பாதி இன்னும் காடாகவே கிடந்தது. பங்குனியில் அப்பா அதில் ஒரு துண்டை வெட்டிச் சாய்த்துக் காயவிட்டு நெருப்பு வைத்தார். மூன்றாம் நாள் சாம்பல் ஆறியபின் கட்டைகளைப் புரட்டப் போனவர், தேங்காய்ச் சிரட்டை ஒன்று கிடக்கிறதென்று காலால் தட்டியிருக்கிறார். சிரட்டை நகர்ந்திருக்கிறது.

மடியில் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் அவிழ்த்து விட்டார். கறுப்பு ஓடு. ஒவ்வொரு திட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் விரிந்தன. இடது பக்க விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓடு கருகிக் கோப்பி நிறமாகியிருந்தது. தொட்டால் சாம்பல் ஒட்டியது. பல நாட்களுக்குப் பிறகும் அதை முகர்ந்தால் எரிந்த காட்டின் மணம் வந்தது.

"உவனுக்கு ஒரு கூட்டு வேணுமெண்டு கொண்டந்தனான்" என்றார் அப்பா. உவன் என்றது என்னை. வீட்டில் நான் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது இங்கே வந்த முதல் வருடத்தில். இப்போது அம்மாவுக்கு ஐந்தாம் மாதம்.

அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். கிட்ட வரவில்லை.

"இஞ்சருங்கோ, உதை வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ."

ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆமை நுழைந்த வீடு உருப்படாது என்பது எங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வண்டில் ஏறி வந்த பயங்களில் ஒன்று. அதனால் இரண்டு நாள் அது முற்றத்தில் கவிழ்த்த பனையோலைக் கடகத்துக்குள் இருந்தது. முதல் நாள் காகம் வந்து ஓலைப் பொத்தலுக்குள்ளால் கொத்தியது. இரண்டாம் நாள் கீரி ஒன்று கடகத்தின் விளிம்பில் மண்ணைப் பறித்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது ஆமை தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தது. செத்துவிட்டதென்று நினைத்து நான் அழுதேன். சத்தம் போட்டு அழுகிற பிள்ளையல்ல நான்; அதனால்தான் அம்மா கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

அப்பா அந்த நேரம் பார்த்து வழக்கைத் தொடங்கினார்.

"தானா உள்ளுக்கு வந்தாத்தான் குற்றம். இது நான் மடியிலை கட்டிக்கொண்டு வந்தது. வந்த ஆமை வேறை, கொண்டு வந்த ஆமை வேறை."

"உங்கடை சட்டத்தை ஆமைக்கும் ஒருக்காச் சொல்லிப்போடுங்கோ" என்றார் அம்மா.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரி. உள்ளுக்கை வைச்சு வள. ஆனா ஒண்டு. வெளியிலை விட்டாலும் உள்ளுக்கை எடுத்தாலும் நீ கையாலை தூக்கித்தான் கொண்டு வரவேணும். அதின்ரை கால் ஒரு நாளும் என்ரை வாசல் கட்டையிலை படக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்."

"என்ரை வயித்தைப் பார்த்துச் சொல்லு."

"ஓம் அம்மா."

எங்கள் வீட்டுக்கு நிலையும் கதவும் அப்போது இல்லை. மண்சுவர், கிடுகுக் கூரை, வாசலுக்கு ஒரு தட்டி. வாசலின் குறுக்கே அப்பா ஒரு பாலைக் கட்டையைப் பாதி மண்ணில் புதைத்து வைத்திருந்தார். நடப்பதற்கு வசதியாக நடுப்பகுதியைத் தரையோடு தரையாகச் செதுக்கியிருந்தார். ஒரு சிரட்டை அளவு ஆமைக்கு அது பெரிய மலையல்ல.

ஆமைக்குக் கூடாக எதை எடுப்பது என்று யோசித்தபோது அப்பா அறை மூலையில் இருந்த தேயிலைப் பெட்டியைக் காட்டினார். மெல்லிய பலகையில் விளிம்பெல்லாம் தகரப் பட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது அம்மா தன் சாமான்களை அதற்குள்தான் அடுக்கிக்கொண்டு வந்தவர். வந்து இரண்டு வருடம் கழிந்தும் அதை வெறுமையாக்கவில்லை. வெண்கலப் பானை, கூறைச் சேலை, குத்துவிளக்கு எல்லாம் வைக்கோல் சுற்றியபடியே அதற்குள் இருந்தன. தேவையென்றால் ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் மறுபடியும் வைக்கோல் சுற்றி வைத்துவிடுவார்.

"வேறை பெட்டி இல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"வேறை எங்கை கிடக்கு? நீ எப்ப பார்த்தாலும் வெளிக்கிட நிக்கிற ஆள் மாதிரி அதைக் கட்டி வைச்சிருக்கிறாய்."

அம்மா அன்று பின்னேரம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கோலை உதறினார். அறையெல்லாம் தேயிலையும் கர்ப்பூரமும் கலந்த மணம். கடைசியாக வெண்கலப் பானையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "இனி எங்கை போறது" என்றார். அதை யாருக்குச் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் நான் நின்றேன்.

பெட்டியைப் பக்கவாட்டில் சரித்து வைத்து, திறந்த பக்கத்தில் என் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையை நிறுத்திக் கல் அணை கொடுத்தேன். நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அம்மிக்குழவியால் தட்டி மடக்கினேன். உள்ளே என்ன போடுவது என்பதில் எவருக்கும் சந்தேகமே வரவில்லை. அப்பா வாய்க்காலிலிருந்து இரண்டு வாளி களிமண் கொண்டு வந்து கொட்டினார். நான் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு செங்கல்லும் வைத்தேன். குளத்து ஆமைகளைத்தான் நாங்கள் கண்டிருந்தோம். அதைவிட, எங்கள் கொலனியில் வாயைத் திறந்தால் தண்ணீர்க் கதைதான். குளத்தில் எத்தனை அடி, எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பார்கள், யார் வரம்பை வெட்டிக் களவாகப் பாய்ச்சினார்கள். தண்ணீர் கொடுத்தால் எதுவும் தழைக்கும் என்று நம்பி வந்து குடியேறிய சனம். ஆமைக்குத் தண்ணீர் கெடுதல் செய்யுமென்று அந்த ஊரில் யார் நினைப்பார்?

பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் ஆமையின் மூக்கிலிருந்து குமிழி வந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. தின்னப் போட்ட வல்லாரையும் பூசினிப் பூவும் வாடிக் கிடந்தன. நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

கண்டுபிடித்தவர் அம்மாதான். அப்பா வயலுக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அந்த வீட்டில் அவரும் ஆமையும்தான். பயத்தில் தள்ளி நின்று பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

"தம்பி, இஞ்சை பார். நீ வைச்ச செங்கல்லிலை எந்த நேரமும் ஏறி நிக்குது. இறக்கி விட்டாலும் ஏறுது. உதுக்கு ஈரம் பிடிக்கேல்லை."

"ஆமையெல்லோ அம்மா?"

"ஆமையெண்டாப் போலை? நாங்களும் சனந்தான், ஊரிலை கிணத்துத் தண்ணியை அளந்து குளிச்சனாங்கள். உதுவும் எங்களைப் போலை காய்ஞ்ச நிலத்துச் சாமான்."

களிமண் முழுவதையும் வழித்தெறிந்தோம். பெட்டியை ஒரு நாள் வெயிலில் காயவைத்தோம். அம்மா பெட்டியை அறை மூலையிலிருந்து குசினிச் சுவரோரமாக மாற்றச் சொன்னார். மறுபக்கம் அடுப்பு. மண்சுவர் பகல் முழுவதும் இளஞ்சூடாக இருக்கும், இருட்டியபிறகும் உடனே ஆறிப்போகாது. வெயிலில் காய்ந்த மணலை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஒரு பாதிக்குக் காய்ந்த சருகு போட்டோம். ஒளித்துக்கொள்ள ஒரு உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்து வைத்தோம். குடிக்கத் தகர மூடி ஒன்றில் கொஞ்சம் தண்ணீர், அதுவும் காலையில் மட்டும். வாசலுக்கு நேரே முற்றத்தில் செங்கல் அடுக்கிச் சிறிய வட்டம் ஒன்றும் கட்டினேன், காலை வெயில் காய்வதற்கு. வாசல் பக்கம் மட்டும் செங்கல்லுக்குப் பதில் பலகைத் துண்டு. அதற்கும் ஒரு கல் அணை.

அம்மா ஆமையைப் பழந்துணியில் பிடித்து அடுப்படியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டது எனக்கு இன்னும் தெரிகிறது. மூன்றாம் நாள் செவ்வரத்தம் பூ ஒன்றைத் தின்றது. வாயெல்லாம் சிவப்பு. "வெத்திலை போட்ட கிழவி மாதிரி" என்று அம்மா சிரித்தார்.

உங்களுக்குக் கருவாட்டுக்காரரை ஞாபகம் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்து வேதக்காரர், சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். செங்கல் வட்டத்துக்குள் ஆமையைக் கண்டதும் பெல் அடித்தார்.

"அக்கா, என்ன, இண்டைக்கு எனக்கு யாபாரம் இல்லைப் போலை. கறி உள்ளுக்கையே நடக்குது!"

"சும்மா போங்கோ. அது பிள்ளையின்ரை."

"உதைக் கறி வைச்சா ஒரு பூனைக்கும் காணாது. எங்கடை கடலிலை வாறது ஒண்டை மல்லாத்தினா நாலு வீடு சாப்பிடும்."

அம்மா கருவாட்டைத் தெரிந்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்கடை ஆக்களுக்கு உது வீட்டுக்குள்ளை வந்தாக் குற்றமில்லையோ?"

"வீட்டுக்குள்ளை வந்தாலோ? கறி தன்ரை காலிலை நடந்து வந்ததெண்டு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவம்!"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பிறகு கேட்டதில்லை.

சிரிக்காதவர் பக்கத்துக் காணி மாமி. அம்மாவின் முந்தைய பிள்ளை போனபோது கூட இருந்து கையைப் பிடித்தவர் அவர்தான்.

"பிள்ளை, சொல்லுறனெண்டு கோவிக்காதை. வயித்துப்பிள்ளையோடை இருக்கிற வீட்டிலை இந்த விளையாட்டு வேண்டாம்."

"அது தன்ரை காலாலை வரேல்லை மாமி. தூக்கித்தான் வாறது."

"வந்த பிறகு காலாலையோ கையாலையோ எண்டு ஆர் கணக்குப் பாக்கிறது?"

அம்மா முகம் வாடியது. அன்றிலிருந்து நான் ஆமையை உள்ளே தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார். என் கைகளைப் பார்ப்பார்.

ஆனி மாதம் சோளகம் எழும்பியது. வெயிலோடு சேர்ந்த அந்தக் காற்று உங்களுக்குத் தெரியும். கண்ணிமைக்குள்ளும் மண் இருக்கும். சிறுபோக நெல் கதிர் திரளும் குடலைப் பருவத்தில் நின்றது. குளம் வற்றிக்கொண்டு வந்ததால் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். எங்கள் முறை எட்டு நாளுக்கு ஒருமுறை. அன்று பாய்ச்சாவிட்டால் அந்த வயலை மறந்துவிட வேண்டியதுதான்.

மருத்துவிச்சி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"முந்தி ரெண்டு போனது. இந்தமுறை வீட்டிலை வைச்சிருக்க வேண்டாம். இப்பவே கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய் விடுங்கோ. நோக் கண்டு வண்டில் கட்டினாப் பிந்திப்போகும்."

"வெள்ளிக்கிழமை எங்கடை முறை. தண்ணியைக் கட்டிப்போட்டுச் சனிக்கிழமை விடியக் கொண்டுபோறன்."

"இன்னும் நாலு நாள் கிடக்கு வெள்ளிக்கு."

"நாலு நாள்தானே."

அம்மா சுளகில் அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் விவரமாக எழுத வேண்டும்.

அம்மாவால் குனிய முடியாமல் போனதிலிருந்து வெள்ளிதோறும் வீடு மெழுகும் வேலை என்னுடையது. அன்றும் விடியவே எழும்பிச் சாணியைக் கரைத்து அறையிலிருந்து வாசல் கட்டை வரைக்கும் மெழுகினேன். மிச்சச் சாணி வாளியில் இருந்தது. ஆமையைத் தூக்கிக்கொண்டு போய்ச் செங்கல் வட்டத்துக்குள் விட்டேன். பலகைக்குக் கல் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்பா மண்வெட்டியோடு போய்விட்டார்.

காலையில் அந்த வட்டத்தில் பாதிக்கு முருங்கை நிழல் இருக்கும். பத்து மணிக்குப் பிறகு ஒரு பொட்டு நிழல் கிடையாது. முன்பெல்லாம் அம்மா தூக்கி உள்ளே விடுவார். பிறகு நான் பள்ளிக்கூட இடைவேளைக்கு ஓடிவந்து தூக்கி விட்டுவிட்டுத் திரும்பி ஓடுவேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அன்று நீங்கள் என்னைக் கிளித்தட்டுக்குக் கூப்பிட்டீர்கள். ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டீர்கள். யார் கூப்பிட்டது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். கூப்பிட்டவருக்கு அது தெரியவும் வேண்டாம். நான் போகவில்லையென்றால் மறுமுறை கூப்பிட மாட்டீர்கள் என்று பயந்தேன். இடைவேளை முழுவதும் விளையாடினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது வட்டத்துக்குள் ஆமை இல்லை. பலகை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அங்கிருந்து வாசல் வரைக்கும் புழுதியில் சின்னச் சின்ன நகக் குறிகள். வாசல் கட்டையின் செதுக்கிய நடுப்பகுதியில் இரண்டு கீறல். உள்ளே, காலையில் நான் மெழுகி இன்னும் நன்றாகக் காயாத தரையில், அச்சுக் குத்தினதுபோல வலது இடது வலது இடதாக அந்தக் கால்கள் குசினிச் சுவர் வரைக்கும் போயிருந்தன. ஆமை தேயிலைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அம்மா சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் பாயில் படுத்திருந்தார்.

நான் கல்லை ஒழுங்காக வைக்கவில்லை. இடைவேளைக்கு வரவில்லை. சத்தம் வராமல் ஆமையைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டேன். வாளியில் இறுகிப்போயிருந்த சாணியில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அந்தக் குறிகளின் மேலே மேலே மெழுகினேன். வாசல் கட்டையை என் காற்சட்டையால் துடைத்தேன். பலகையை நிமிர்த்திக் கல் வைத்தேன். மெழுகி முடிக்கிற நேரம் அம்மா திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, வந்திட்டியோ?"

"ஓம்."

"சோறு உறியிலை கிடக்கு."

ஆமையைப் பற்றிக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரம் அம்மாவுக்குப் பிரசவ நோக் கண்டது. நான் வரம்பு வரம்பாக ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் முழங்காலளவு சேற்றில் நின்றார்.

"மாமியைக் கூப்பிட்டு இருத்து. இந்த ஒரு பாத்தி கிடக்கு, கட்டிப்போட்டு வாறன்."

நான் மாமியைக் கூட்டிவந்து, திரும்பவும் வரம்பு வரைக்கும் ஓடி, திரும்பவும் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். மாட்டைப் பிடித்து வண்டில் கட்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. தட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா வாசல் கட்டையைத் தாண்டியபோது குனிந்து அதைப் பார்த்தார். அந்தக் கீறல்களை அவர் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

மாமி வீட்டில் என்னை விட்டார்கள். மூன்றாம் நாள் வண்டில் திரும்பி வந்தது. அம்மா அப்பாவின் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். வேறு யாரும் வரவில்லை. பெண்பிள்ளையாம். மாமி வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பவே சொன்னனான்" என்றார். நேற்றுக் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் யாரோ அப்பாவிடம் சொன்னது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று அதை அப்பா சொல்லவில்லை. அவர் முகம் சாம்பலாக இருந்தது. நேரே வீட்டுக்குள் வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. உது எப்பவாவது தானா உள்ளுக்கு வந்ததோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன்.

"இல்லை."

"ஒரு நாளும் இல்லையோ?"

"இல்லை அப்பா. தூக்கித்தான் விட்டனான்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்தாலென்ன, வராட்டிலென்ன. இந்தச் சனியன்தான்" என்றார் அப்பா. வந்த ஆமைக்கும் கொண்டு வந்த ஆமைக்கும் வித்தியாசம் சொன்ன அதே மனிதர், அதை ஒரு கையால் பொத்தித் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். வாய்க்கால் அன்று நிறையப் போய்க்கொண்டிருந்தது, வேறு யாருடையவோ முறை.

"அப்பா, அதுக்கு நீந்தத் தெரியாது."

என் வாழ்நாளில் அப்பாவை எதிர்த்து நான் சொன்ன ஒரே வார்த்தை அது.

"ஆமைக்கு நீந்தத் தெரியாதோ? விசர்க்கதை கதையாதை."

எறிந்தார். கருகின பக்கம் மேலே தெரிய ஒரு தரம் சுழன்றது. நாலு காலையும் நிலத்தில் நடப்பதுபோலவே அசைத்தது. மதகு வரைக்கும் கரையால் ஓடினேன். மதகில் வைக்கோலும் நுரையும் சுற்றிக்கொண்டு நின்றன. கையை விட்டுத் துழாவினேன். அடுத்த மதகுக்கும் போனேன். அவ்வளவுதான்.

தண்ணீர் முறை தவறினால் என்ன நடக்குமென்று பிறகு நானே வயல் செய்து தெரிந்துகொண்டேன். அதனால் அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கும் அன்று எதையாவது தூக்கி எறிய வேண்டியிருந்தது.

அந்த வருடத்தோடு என் படிப்பும் நின்றது. அம்மா அதிகம் எழும்பி நடமாடவில்லை, வீட்டு வேலைக்கு வேறு ஆள் இல்லை. தேயிலைப் பெட்டி மணலும் சருகுமாகக் குசினிச் சுவரோரமே கிடந்தது. எடுத்து எரிக்கவும் அம்மா விடவில்லை, எதையாவது போட்டு வைக்கவும் விடவில்லை. பின்னாளில் சண்டையில் வீட்டை விட்டுவிட்டு வெளிக்கிட்டபோது மற்றச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது. இவை பெரிய விஷயமல்ல. பெரிய விஷயம், அம்மா அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோறு போடும்போது கோப்பையைப் பார்ப்பார். என் கலியாணத்தில் விபூதி பூசும்போதுகூட என் நெற்றியைத்தான் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும், நான் மெழுகி மறைத்ததும் தெரியும், அந்தப் பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று நினைக்கிறார், பெற்ற மகன் என்பதால் வாயைத் திறக்கவில்லை. நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டு வாழ்ந்தேன். நானும் கேட்கவில்லை.

அப்பா காலமாகி இரண்டாம் வருடம், ஒரு மத்தியானம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் முருங்கைக்காய்களை நறுக்கிக்கொண்டிருந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"அண்டைக்குச் சரியான வெயில்."

"எண்டைக்கு?"

"அது வாயைத் திறந்துகொண்டு அந்தக் கல்லுக்குள்ளை சுத்திச் சுத்தி ஓடிச்சுது. நீ வருவாய் வருவாய் எண்டு பாத்தன். தூக்குவமெண்டாக் குனிய ஏலாது. காலாலை கல்லைத் தட்டிப் பலகையைத் தள்ளி விட்டன். அது நேரா வந்து என்ரை காலுக்குள்ளாலை வாசலைத் தாண்டிச்சுது. போ, போய்ப் படு எண்டு நான்தான் சொன்னன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"நான் சொன்ன சட்டத்தை நானே உடைச்சன். நீ வந்து ஒண்டும் கேக்காமல் மெழுகினாய். நான் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டன். கொப்பர் வந்து கேக்கேக்கையும் இல்லையெண்டாய். பத்து வயதுப் பிள்ளை, என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுது. அண்டையிலையிருந்து உன்ரை முகத்தைப் பாக்க எனக்கு வெக்கம், தம்பி."

முற்றத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் என்னைக் காப்பாற்றத்தான் மெழுகினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆமையால் பிள்ளை போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் பிந்தியதால் போனது என்றும் சொல்லியிருக்கலாம். அப்பா இல்லாத வீட்டில் அவர் தலையில் அதைத் தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்காகத்தானே மெழுகினனி?"

"ஓம் அம்மா."

அவர் கையை நீட்டித் தடவினார். முதலில் என் தோள் அகப்பட்டது, பிறகு கன்னம். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அந்த மங்கல் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. நான் குனியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.